வாசல் தாண்டாத பாடம்: மதுரைச் சமவெளியும் மருத்துவ மாணவரின் களப்பணியும்

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்கச் சேரும் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே சில கிராமக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தம் பொறுப்பில் ஏற்க வேண்டும் என்பது இப்போது விதி. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் ஒரு மாணவருக்கு மூன்று முதல் ஐந்து வீடுகளை ஒதுக்குகிறது. முதலாண்டில் 27 மணி நேரம், இரண்டாமாண்டில் 30, மூன்றாமாண்டில் 21 என மொத்தம் 78 மணி நேரம் களத்துக்கு உண்டு. மதுரை வட்டாரத்து மருத்துவக் கல்லூரிகளின் பேருந்துகளும் இந்த விதியின்படி ஊர்களுக்குப் போய் வருகின்றன. வெள்ளைக் கோட்டு அணிந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இறங்கி, ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, உயரமும் எடையும் குறித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு விடுதி திரும்புகிறார்கள். செவிலியர் பள்ளி மாணவிகளும் கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சி பெறுவோரும் இதுபோன்ற வீட்டுச் சந்திப்புகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

இந்தப் பயணங்களுக்கு நோக்கம் இரண்டு. ஊருக்கு ஏதாவது நன்மை செய்வது ஒன்று. தம்மைப் போல வாழாத மனிதரோடு பேசவும், அவர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும், அதற்கேற்பச் சிகிச்சையை அமைக்கவும் மாணவர் கற்பது இன்னொன்று. கல்வியாளர்கள் இதைப் பண்பாட்டுத் தேர்ச்சி என்கிறார்கள். மாணவரை ஊருக்கு அனுப்பிவிட்டால் இந்த இரண்டாவது நோக்கம் தானாக நிறைவேறிவிடும் என்று பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மதுரைச் சமவெளியின் முக்கால் நூற்றாண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. ஒரு வீட்டுக்கு உண்மையிலேயே பயன்பட்ட பிறகு, அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போன பிறகுதான் அந்த வீடு தன் நியாயங்களை மாணவரிடம் சொல்லும். பயன்படாதவருக்கு அது வாசலில் நிறுத்தித்தான் பதில் சொல்லும்.

இந்தப் பகுதியில் அதை முதலில் உணர்ந்து செய்தவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறு வயதிலேயே திருமணம். மருத்துவரான கணவர், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கையில் அந்நோய் தொற்றி இறந்துபோனார். சௌந்தரம் மீண்டும் படிக்கப் போய், டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 1936-இல் பட்டம் பெற்றார். 1940-இல் ஜி. இராமச்சந்திரனைக் காந்தியின் ஆசியோடு மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில், நெசவாளர் ஊரான சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அதோடு சின்னஞ்சிறு அளவில் பிறந்த பிரசவ மருத்துவமனை இன்று கஸ்தூரிபா மருத்துவமனையாக நிற்கிறது. பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒரு நெசவாளர் வீட்டுப் பிரசவத்துக்குள் எப்படி நுழைய முடிந்தது என்று யோசித்தால், அவர் எடுத்து வந்தது உபதேசமல்ல, பிரசவம் பார்க்கும் கை என்பது புரியும். கூலிக்கு நெய்கிற வீட்டில், தறி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும் என்று தெரிந்துகொள்ளாமல் அங்கே ஒரு கர்ப்பிணியை நான்கு முறை பரிசோதனைக்கு வரச் சொல்வதில் பொருளில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு, பிரசவம் பார்த்தவருக்குக் கிடைக்கும்.

1959-இல் காந்திகிராமத்தை ஒட்டிய ஆத்தூர் ஒன்றியத்தில் (சேலத்து ஆத்தூர் அல்ல, திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர்) ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதிலிருந்து 1964-இல் உருவானது காந்திகிராம ஊரக சுகாதாரம், குடும்பநலப் பயிற்சி நிறுவனம். சுகாதாரக் கல்வியாளர்களுக்கென்றே பட்டயப் படிப்பு நடத்திய, இந்தியாவின் மிகச் சில இடங்களுள் அதுவும் ஒன்று. வகுப்பறைக்கு வெளியே சாலையைத் தாண்டினால் களம். ஆத்தூர்த் திட்டத்தார் செய்த ஒரு காரியத்தை இன்றைய மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஊருக்குள் போய் நேராக மணியக்காரரிடமோ பஞ்சாயத்துத் தலைவரிடமோ நிற்காமல், வீட்டு விஷயங்களுக்கு யாரிடம் யோசனை கேட்பீர்கள் என்று ஊராரிடமே கேட்டார்கள். அப்படிக் கிடைத்த பெயர்களில் பலர் எந்தப் பதவியிலும் இல்லாதவர்கள். அவர்களைக் கூட்டிவைத்துப் பேசி, அவர்கள் வழியாகச் செய்தி பரவ விட்டார்கள். ‘ஆத்தூர் அனுபவம்’ என்ற பெயரில் அது உலகத்துக் குடும்பநல ஆய்வாளர்களிடையே பேசப்பட்டது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஆத்தூர்த் திட்டத்தின் முக்கிய இலக்கு குடும்பக் கட்டுப்பாடு. ஊரைப் புரிந்துகொண்டதெல்லாம் ஊரைச் சம்மதிக்கவைக்கத்தான் பயன்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு இன்ன மாதம் இத்தனை அறுவைச் சிகிச்சை என்று களப்பணியாளருக்கு இலக்கு வைத்தபோது, அந்தப் புரிதலும் தேவையற்றுப்போனது. 1996-இல்தான் நாடு முழுவதும் அந்த இலக்கு முறை கைவிடப்பட்டது. மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990-களில் தமிழ்நாட்டுப் பிரசவ அறைகளில் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்ட நூலில், ஏழைப் பெண்களுக்குப் பிரசவமான கையோடு கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதை எழுதியிருக்கிறார். பலரிடம் முறையாகச் சம்மதம் கேட்கப்படவில்லை. தமிழ் பேசும் செவிலியர், தமிழ் பேசும் மருத்துவர், தமிழ் பேசும் தாய் என எல்லாரும் ஒரே மொழிக்காரர்கள். மொழி ஒன்றாயிருப்பது மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இலக்கோடு வருகிறவருக்குக் காது கேட்பதில்லை.

மதுரை நகருக்குள் வருவோம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம், இலவசக் கண்புரை அறுவை என்று அது வளர்ந்த கதை பலருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அறுவை இலவசம் என்றால் கூட்டம் தானே வரும் என்ற நம்பிக்கை இந்தச் சமவெளியில் பொய்த்துப்போனது. இங்கே நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 1999-இல் வெளிவந்தன: கண்ணில் குறை இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். ஏன் வரவில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில்களில் மூடநம்பிக்கை அதிகமில்லை. கூட வர ஆளில்லை. கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போகும். ஆட்டை யார் பார்ப்பது? இந்த வயதுக்கு இந்தப் பார்வை போதும். அறுவை இலவசமானாலும் மதுரைக்குப் போவதும் தங்குவதும் திரும்புவதும் இலவசமில்லை. அதனால்தான் அரவிந்த் மருத்துவமனை முகாமிலிருந்தே நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றிப்போய், சாப்பாடு போட்டு, திருப்பிக் கொண்டுவந்து விடும் முறைக்கு வந்தது.

இந்த ஆய்வை ஒவ்வொரு மாணவருக்கும் களத்துக்குப் போகுமுன் வாசிக்கக் கொடுக்கலாம். பண்பாடு என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, கணக்கு. அந்த வீட்டுக்காரர் தம் வருமானத்தையும் நேரத்தையும் உறவுகளையும் கூட்டிக் கழித்துப் போட்ட கணக்கு. அமெரிக்க மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1970-களிலிருந்தே மருத்துவர்களிடம் இதைத்தான் சொல்லிவந்தார். இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் இப்போது வந்தது, இதில் உங்களுக்கு மிகப் பெரிய பயம் எது என்று நோயாளியிடமே கேளுங்கள் என்றார். அதே அமெரிக்காவில் 1989-இல் டெரி கிராஸும் உடன் ஆய்வாளர்களும் பண்பாட்டுத் தேர்ச்சி என்ற கருத்துக்கு ஒரு சட்டகம் தந்தார்கள். பத்தாண்டுக்குள் அது பல கல்லூரிகளில், இன்ன இனத்தார் இப்படி இருப்பார்கள் என்ற பட்டியலாகச் சுருங்கிவிட்டது. 1998-இல் மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் அதை மறுத்து எழுதினார்கள். பிறர் பண்பாட்டில் யாரும் தேர்ச்சி பெற்றுவிட முடியாது. தன் அதிகாரத்தையும் தன் சாய்வுகளையும் வாழ்நாள் முழுதும் கேள்வி கேட்கும் பணிவுதான் வேண்டும் என்பது அவர்கள் வாதம். மதுரை வட்டாரத்துக்கு அந்த வாதம் மிகவும் பொருந்தும். பட்டியல் போடுவதால் என்ன கேடு விளையும் என்பதை இந்த மண் நன்றாகப் பார்த்திருக்கிறது.

மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியை எடுத்துக்கொள்வோம். 1986 ஜூனில் இந்தியா டுடே இதழ் அங்கு நடந்த பெண்சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. கொடுமை உண்மை. மறைக்க எதுவுமில்லை. ஆனால் அதன்பின் உசிலம்பட்டி என்ற பெயரே அக்குற்றத்தின் பெயராகிப்போனது. ஒரு சாதியின் பழக்கம் என்று பலரும் எளிதாக எழுதிவிட்டார்கள். அதே காலத்தில் சேலம், தருமபுரிப் பகுதிகளிலும், வேறு சாதிகளிலும் அது நடந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் தொடங்கியது சேலத்தில்தான். வரதட்சிணை வழக்கம் இல்லாதிருந்த குடும்பங்களுக்குள்ளும் அது நுழைந்ததையும், நில வருமானமும் பெண் உழைப்பின் மதிப்பும் மாறியதையும் ஆய்வாளர்கள் காரணங்களாகச் சுட்டிக்காட்டினார்கள். ஸ்கேன் கருவி வந்தபின், படித்த, வசதியான நகரத்து வீடுகள் கருவிலேயே அந்தக் காரியத்தைச் செய்தன. அதைத் தடுக்க 1994-இல் மத்தியச் சட்டம் வேண்டியிருந்தது. நகரத்து வீடுகள் செய்தபோது யாரும் அதைப் பண்பாடு என்று அழைக்கவில்லை.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு இங்குள்ள பிரமலைக் கள்ளர் சாதியினரைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து, ஆண்களைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைத்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மறுத்து மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அதற்குப் பிறகும், பெண்சிசுக் கொலை பேசப்பட்ட ஆண்டுகளில், கர்ப்பிணிகளைப் பதிந்து கண்காணிக்க மறுபடியும் பதிவேட்டோடு ஆட்கள் வந்தார்கள். நோக்கம் நல்லதுதான், உயிரைக் காப்பதுதான். என்றாலும் ஒரு பாட்டியின் கண்ணுக்கு, வெளியூர்க்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வீட்டில் எத்தனை பேர், பெயர் என்ன, வயது என்ன என்று கேட்பது எப்படித் தெரியும்? குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் மாணவர் முதல் நாளிலேயே செய்கிற காரியமும் அதுவே: பதிவேட்டைத் திறப்பது. ஊரின் வரலாற்றை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு அனுப்பினால் அந்தப் பிள்ளை அன்று நோட்டைப் பையிலேயே வைத்திருக்கும். முதல் இரண்டு சந்திப்புகளில் எழுதவே கூடாது என்று ஒரு விதி செய்தாலும் தவறில்லை.

சமூக மருத்துவத் துறையின் குடும்ப ஆய்வுப் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். காரை வீடா, கூரை வீடா, காற்றோட்டம் உண்டா, நெரிசல் உண்டா, கழிப்பறை உண்டா, பி.ஜி. பிரசாத் 1961-இல் வகுத்த அளவுகோலின்படி எந்தப் பொருளாதார வகுப்பு. விலைவாசிக்கேற்பத் திருத்தித் திருத்தி அந்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் மாணவர் வரும் காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டுப் பெண்கள் நூறு நாள் வேலைக்கோ, களையெடுக்கவோ, பஞ்சாலைக்கோ போயிருப்பார்கள். இருப்பவர் கண் தெரியாத தாத்தாவும் பள்ளி வயது வராத பிள்ளையும். பல வீடுகளுக்கு எதிரே ‘பூட்டியிருந்தது’ என்று எழுதப்படுகிறது. உழைக்கும் வயதுப் பெண்ணின் ரத்தசோகையைப் பற்றிய பாடம், உழைக்கும் வயதுப் பெண் இல்லாத வீட்டில் நடக்கிறது. கல்லூரிப் பேருந்தின் நேரத்துக்கு ஊர் வாழ முடியாது. பேருந்துதான் மாலை ஆறு மணிக்குப் போக வேண்டும். வேலூர் சி.எம்.சி. தன் மாணவர்களைக் கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் தங்கவைத்தே சமூக மருத்துவத்தை அறிமுகம் செய்துவந்திருக்கிறது. இரவு அங்கே தூங்குகிறவருக்குத்தான் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் குடத்தோடு நிற்கிறார்கள் என்பது தெரியும்.

நம்பிக்கை சார்ந்த விஷயங்களில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பிள்ளைக்கு மேலெல்லாம் கொப்புளம். வாசலில் வேப்பிலை. ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர முடியாது, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பொறுங்க என்கிறாள் தாய். அறிவியல் படித்த பிள்ளைக்குக் கோபம் வருகிறது. நிதானமாகப் பார்த்தால் அந்த வீடு செய்வதில் பெரும்பகுதி நல்ல காரியம். பிள்ளையைத் தனியே படுக்கவைத்திருக்கிறது. வெளியாரை உள்ளே விடவில்லை. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறது. இளநீரும் கூழும் கொடுக்கிறது. ஆபத்தான இடம் ஒன்றே: தட்டம்மையாக இருந்து மூச்சு வாங்கினாலும், பிள்ளை துவண்டாலும் காத்திருப்பது, வைட்டமின் ஏ மருந்தை மறுப்பது. பயிற்சியில்லாத மாணவர் முழு வழக்கத்தையும் பழித்துவிட்டு வெளியேறுவார். பயிற்சி பெற்றவர் வேப்பிலையைத் தொடமாட்டார், இளநீரைப் பாராட்டுவார், மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் தினமும் வந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்பார். தினமும் வந்தால் அந்தத் தாயே மூன்றாம் நாள் அவரைத் தேடுவாள். அதேசமயம், தடுப்பூசித் தயக்கம் என்றாலே கிராமம் என்று நினைப்பதையும் விட வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தடுமாறியது வாட்ஸ்அப் வதந்தியால். தயங்கியவர்களில் நகரத்துப் படித்த பெற்றோர்கள் நிறையப் பேர். இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இதைவிடக் கடினமான கேள்வி மனநோய். மதுரையிலிருந்து தென்கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவின் குணமளிக்கும் ஆற்றலை நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அந்தச் செய்தியைக் கேட்ட எந்த மாணவரும், சாமி இடங்களில் நோயாளிகளை வைத்திருப்பதை உடனே ஒழிக்க வேண்டும் என்றுதான் சொல்வார். மறு ஆண்டு, 2002-இல், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்திருந்தார்கள். பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். சடங்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் வேலை செய்தார்கள், கூட ஒரு உறவினர் இருந்தார், யாரும் அடிக்கவில்லை, கட்டவில்லை. அவர்களுடைய நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை என்பதால் இதை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் கேட்கும் கேள்வி மாறும். கோயிலா, மாத்திரையா என்பதை விட்டுவிட்டு, இங்கே கட்டிப்போடுகிறார்களா, கூட யார் இருக்கிறார்கள், மாத்திரையை இங்கேயே கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று கேட்பார். ஏர்வாடித் தர்காவிலேயே பிற்பாடு மருந்தும் தொழுகையும் ஒருசேர நடக்கும் முறையை அரசு கொண்டுவந்தது அந்தக் கேள்விகளின் வழியில்தான். மதுரையிலும் பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்கும் கோரிப்பாளையம் தர்காவுக்கும் தினமும் வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினால் மனநலத்தைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாதது தெரியவரும்.

பண்பாடு என்ற சொல்லுக்குப் பின்னால் நம் கல்லூரிகள் ஒளித்துவைக்கும் ஒன்றைப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. சாதி. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-ஆம் நாள்தான் இடிக்கப்பட்டது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே 1996 முதல் பத்தாண்டு தேர்தல் முறையாக நடக்கவிடப்படவில்லை, 2006-இல்தான் நடந்தது. இந்த ஊர்களுக்கு நடுவேதான் மாணவர்களின் பேருந்து போகிறது. மருத்துவ முகாமை எந்த இடத்தில் போடுவது என்பது ஒரு சுகாதார முடிவு. ஊர்க் கோயில் மண்டபத்தில் போட்டால் சில தெருக்காரர்கள் வரமாட்டார்கள். வராதவர்களை ‘விழிப்புணர்வு குறைந்தவர்கள்’ என்று அறிக்கை எழுதும். மாணவருக்கு எந்தத் தெருவில் ஐந்து வீடு ஒதுக்கினார்கள்? கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாரா, பாட்டில் தண்ணீரைக் காட்டி வேண்டாம் என்றாரா? எல்லாத் தெருவிலும் அப்படித்தான் செய்தாரா? ஊர் இதையெல்லாம் கவனிக்கிறது, மறப்பதில்லை. எந்தத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் இல்லை. பாடத்திட்டத்தில் நெறியும் தொடர்பாடலும் தனிப் பாடமாக 2019 முதல் இருக்கின்றன. அந்த வகுப்பில் சாதியைப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் மதுரை மாணவருக்கு அது அரைப் பாடம்.

யார் மாணவர் என்பதும் இதோடு சேர்ந்தது. அரவிந்த் மருத்துவமனை தொடக்க காலத்திலிருந்தே கிராமத்து வேளாண் குடும்பங்களின் பெண்களை, பள்ளிப் படிப்பு முடித்த கையோடு எடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலும் அறுவை அரங்கிலும் நோயாளிக்கு விளக்குவதிலும் நிறுத்தியது. அந்த மருத்துவமனையின் பெரும்பகுதி வேலை அவர்கள் கையில். அறுவைக்குப் பயப்படும் ஒரு அம்மாவிடம், ‘எங்க அப்பத்தாவுக்கும் இதேதாங்கம்மா செஞ்சாங்க’ என்று சொல்லக்கூடிய பெண்ணுக்குப் பண்பாட்டுத் தேர்ச்சியைத் தனியே போதிக்க வேண்டியதில்லை. 2020-இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. அதைச் சமூகநீதி என்று மட்டும் பேசுகிறோம். அது நல்ல மருத்துவக் கல்வியும்கூட. சேடபட்டியிலிருந்தோ கொட்டாம்பட்டியிலிருந்தோ வந்த ஒரு மாணவி ஒரு களக்குழுவில் இருந்தால், மற்ற எல்லாரும் அவளிடமிருந்து கற்பார்கள், கல்லூரி அவளை அந்த இடத்தில் வைத்தால். பெரும்பாலும் நடப்பது எதிர்மாறானது. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறாள் என்பதால் அவள் பின்வரிசையில் நிற்கிறாள். வெளிமாநிலங்களிலிருந்து ஒதுக்கீட்டில் வரும் மாணவர்களுக்கு வட்டாரத் தமிழைச் சொல்லிக்கொடுக்க அவளைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

எதிர்ப்பு ஒன்று எழும், அது நியாயமானதும்கூட: முதலாண்டு மாணவரால் ஊருக்கு என்ன பயன்பட முடியும்? மருந்து எழுத முடியாது, ஊசி போட முடியாது. இவான் இலிச் 1968-இல் மெக்சிகோவில், சேவை செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களிடம் நீங்கள் வராமலிருப்பதே உதவி என்ற பொருள்படக் கடுமையாகப் பேசினார். திறமை இல்லாதவர் ஏழையின் வீட்டைப் பயிற்சிக்களமாக்குவது சுரண்டல்தான். ஆனால் முதலாண்டு மாணவருக்கு ஊராரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: அவருக்கு மருத்துவமனை தெரியும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு முதன்முறையாக வரும் கிராமத்துப் பெண்ணுக்கு எந்த வரிசையில் நிற்பது, சீட்டு எங்கே போடுவது, எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடி, ரத்தப் பரிசோதனை முடிவு எப்போது வரும், காப்பீட்டு அட்டையை எங்கே காட்டுவது என்பதெல்லாம் பெரும் சுமை. பலர் அந்த அலைச்சலுக்குப் பயந்தே கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். தன் ஐந்து குடும்பத்தில் ஒருவர் வரும் நாளில் வாசலில் வந்து நின்று, கூடவே நடந்து, மருத்துவர் சொன்னதைத் திருப்பி எடுத்துச் சொல்லி, பேருந்து ஏற்றிவிடுவது எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையாலும் முடியும். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுக்கலாம். அப்படி ஒருமுறை உடன் நடந்த மாணவருக்கு, அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது பாய் விரிக்கப்படும். அதன்பின் அவர் கேட்காமலே பேச்சு வரும்: மாத்திரையை ஏன் பாதி நாளில் நிறுத்தினார்கள், மருமகள் ஏன் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகவில்லை, மகன் குடிப்பது, வட்டி.

அந்த நடையில் வழிகாட்டிகள் ஊரிலேயே இருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர்கள் தம் பகுதியின் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லி அறிவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள், சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த உள்ளூர்ப் பெண்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். மாணவர்கள் வரும் நாளில் இவர்களுக்கு வேலை, வீட்டைக் காட்டிவிட்டு ஓரமாக நிற்பது. இவர்கள்தான் ஆசிரியர்கள் என்று ஏற்றுக்கொண்டால், கற்பித்த நேரத்துக்கு ஊதியம் கொடுக்க வேண்டும்; கல்லூரியின் களப்பணி மதிப்பீட்டில் இவர்கள் போடும் மதிப்பெண்ணுக்கு இடம் வேண்டும்.

78 மணி நேரம் போதுமா என்றால், ஒரே ஐந்து வீட்டில், சரியான நேரத்தில், மூன்றாண்டும் செலவிட்டால் போதும். வீடு மாறினால், ஆண்டுதோறும் ஊர் மாறினால், 780 மணியும் போதாது. இப்போது மாணவரின் களப் பதிவேட்டில் பேராசிரியர் கையொப்பமிடுகிறார். அதே பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வரி ஒதுக்கலாம். அவருக்கு எழுத வராவிட்டால் செவிலியர் கேட்டு எழுதட்டும். கேள்வி ஒன்றே: இந்தப் பிள்ளை அடுத்த வருடமும் உங்கள் வீட்டுக்கு வரலாமா? வேண்டாம் என்று பதில் வந்தால், ஏன் என்று விசாரித்து முடிக்கும்வரை அந்தத் தெருவுக்கு அடுத்த அணியை அனுப்பக் கூடாது.